பதினாறு மில்லியன் நிறமும் ஒரு கல்வெட்டும்

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். ஆனால் இருபத்துமூன்றாவது வயதில், ஒரு கிரிக்கெட் விளையாட்டுக்காக ஒரு மாதம் முழுக்கப் பொய் சொன்னேன். ஒரு நாளைத் தவிரக் காது சிவக்கவே இல்லை. நான் சொன்னதெல்லாம் பெட்டிகளின் முதுகில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தவை. கொம்பனிக்காரன் சொன்னதைத் தமிழாக்கிச் சொல்கிறேன், பாவம் வந்தால் அவனுக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போது நான் வவுனியாவில், சந்தைக்குப் பின்வீதியில், ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தேன். உலகத்துக் கொம்பியூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்திய இரண்டாயிரமாம் ஆண்டு வந்து, ஒன்றும் நிற்காமல், அடுத்த ஆண்டும் பிறந்திருந்தது. கடை என்பது ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு கொம்பியூட்டர், ஒரு ஸ்கானர், ஒரு லேசர் பிரிண்டர், ஒருநாள் சுற்றினால் மூன்று நாள் ஓய்வெடுக்கும் ஒரு மேசை விசிறி. சாதகம், கலியாணக் காட், வவுனியாவில் தங்குவதற்கு இராணுவத்திடம் பாஸ் எடுப்பதற்கான கடிதம் எல்லாம் அடித்துக் கொடுப்போம். ஆனால் கடை பிழைத்தது கல்வெட்டில்.

கல்வெட்டு என்றதும் கோயில் சுவரை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். முன் அட்டையில் காலமானவரின் படம். உள்ளே அவருடைய வாழ்க்கை, தேவாரம், மனைவி மக்கள் மருமக்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே புலம்பும் பாட்டு. அதுதான் கல்வெட்டு. பாட்டில் எழுத்துப் பிழை இருந்தால் சனம் பொறுக்கும். படம் சரியில்லையென்றால் பொறுக்காது. ஆனால் சண்டைக்குப் பயந்து வன்னிக்குள் ஐந்தாறு தரம் இடம்பெயர்ந்த சனத்திடம் நல்ல படம் எங்கே கிடக்கும்? அடையாள அட்டையைக் கொண்டுவருவார்கள், மழையில் ஊறிய கலியாணப் படத்தைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து முகத்தை வெட்டி எடுப்பது என் வேலை.

தமிழ் அடிப்பது அக்காவின் வேலை. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர், ஆனாலும் நான் அக்கா என்றே கூப்பிட்டேன். வேலை பழக்கியவர் அவர். மலைநாட்டிலிருந்து வந்து நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கடையில் எங்களைப்போலவே கதைப்பார். கோபம் வந்தால் மட்டும் தாய் தகப்பனின் மலைநாட்டுக் கதை, அந்தப் பக்கத்துப் பேச்சு, வந்துவிடும். அது வரும்போது நான் வெளியே தேநீர் குடிக்கப் போய்விடுவது வழக்கம்.

முதலாளியை நாங்கள் அண்ணை என்போம். ஐம்பதைத் தாண்டியவர். வட்டக்கச்சியில் வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்தவர். சண்டையில் எல்லாம் விட்டுவிட்டு வன்னிக்குள்ளேயே ஸ்கந்தபுரம் போய், அங்கிருந்து வவுனியா வந்து, வெளிநாட்டிலிருந்த தம்பியின் உதவியோடு இந்தக் கடையைப் போட்டிருந்தார். கொம்பியூட்டரைத் தொடமாட்டார். ஆனால் ஒரு சாமான் வாங்குவதென்றால் அவரை யாரும் ஏய்க்க முடியாது. ஒரு மண்வெட்டிப் பிடிக்கே மூன்று கடை ஏறி இறங்குவார்.

கொழும்பிலிருந்து வந்த சிநேகிதன் ஒருவன் எனக்கு அந்தக் கிரிக்கெட் சி.டி.யைத் தந்தான். கடைக் கொம்பியூட்டரில் போட்டேன். ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டுத் தானே மூடிக்கொண்டது. த்ரீ-டி வி.ஜி.ஏ. காட் இல்லையாம். வி.ஜி.ஏ. காட் என்றால் கொம்பியூட்டருக்குள் செருகும் ஒரு பச்சைத் தகடு. திரையில் படம் காட்டுவது அதன் பொறுப்பு. எங்கள் கொம்பியூட்டரில் தனியாக ஒன்று இல்லை, தாய்ப்பலகையோடு, அதாவது மதர்போட்டோடு, சேர்ந்தே ஏதோ ஒன்று கிடந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல வேளையாக ஒரு சாட்டு இருந்தது. எங்கள் திரையில் இருநூற்றைம்பத்தாறு நிறம்தான் தெரியும். எவர் முகத்தைப் போட்டாலும் திட்டுத் திட்டாக, அரைகுறையாய்ச் சந்தனம் பூசியதுபோல் இருக்கும். நான் அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, ஒரு வி.ஜி.ஏ. காட் போட்டமெண்டால் முகமெல்லாம் நல்ல வடிவா வரும். பதினாறு மில்லியன் நிறம்."

"பதினாறு மில்லியனோ? மனிசற்றை முகத்திலை அவ்வளவு நிறம் கிடக்கோ தம்பி?"

"கிடக்கு அண்ணை. எங்கட கண்ணுக்குத் தெரியிறேல்லை."

அக்கா தட்டச்சிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "கல்வெட்டு அடிக்கிறது கறுப்பு மையிலைதானே? பதினாறு மில்லியனையும் எங்கை கொண்டுபோய்க் கொட்டப்போறியள்?"

மிகச் சரியான கேள்வி. அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்க வேண்டும். நாங்கள் லேசரில் ஒரு பிரதி எடுத்துப் பக்கத்து ஒழுங்கை அச்சகத்தில் கொடுப்போம். அங்கே கறுப்பு ஒன்றைத் தவிர வேறு மை இருந்ததே இல்லை. ஆனால் அண்ணை அக்காவின் பக்கம் திரும்பவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்ன முகமெண்டால்?"

"எவ்வளவு சின்னனெண்டாலும் பெருப்பிக்கலாம் அண்ணை."

"தெளிவா வருமோ?"

"எள்ளளவு முகமெண்டாலும் வரும்."

அவர் தன் மேசை லாச்சியைத் திறந்தார். மண்ணிற மாட்டுத்தாள் உறை ஒன்றிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். வட்டக்கச்சியில் யாரோ ஒருவரின் கலியாண வீட்டில், பந்தி முடிந்த பிறகு எடுத்த குழுப்படம். மூன்று வரிசையாக இருபத்திரண்டு பேர். மேல்வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண்ணை விரலால் காட்டினார். முகம் பயறளவு இருந்தது.

"இவாதான்" என்றார்.

அவருடைய மனைவி. ஸ்கந்தபுரத்தில் கொட்டிலில் இருந்த காலத்தில் மலேரியாவில் போய்விட்டார் என்று தெரியும். பிள்ளைகள் இல்லை. அப்போது பொருளாதாரத் தடை, வன்னிக்குள் கடதாசியே கிடையாது, கல்வெட்டு அடிக்கவில்லை. வீட்டுப் படங்களும் அடையாள அட்டையும் ஓடிய ஓட்டத்தில் போய்விட்டன. ஊரில் எல்லாருக்கும் கல்வெட்டு அடித்துக் கொடுக்கிற மனுசன் தன் மனைவிக்கு அடிக்கவில்லை. எஞ்சியிருந்தது, பின்னர் யாரோ சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கிய இந்த ஒரு படம். ஐந்தாம் ஆண்டுத் திவசம் அடுத்த மாதம் வருகிறது. காலம் தப்பினாலும் பரவாயில்லை, அவருடைய முகத்தை முன் அட்டையில் போட்டு ஒரு கல்வெட்டு அடித்துவிட வேண்டும். அதுதான் அண்ணைக்கு வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். படத்தில் இருப்பதைத்தான் காட் காட்டும், இல்லாததைக் கொண்டுவராது என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஆனால் என் மண்டைக்குள் மட்டையும் பந்தும் சுழன்றுகொண்டிருந்தன. "செய்யலாம் அண்ணை" என்றேன். இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் அண்ணையும் நானும் சைக்கிளில் கடை கடையாக ஏறினோம். வவுனியாவில் அப்போது வி.ஜி.ஏ. காட் வைத்திருந்தவை இரண்டே கடைகள். முதலாவது கடையில் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞன் இருந்தான். அந்த வெய்யிலுக்குக் கழுத்துப்பட்டி கட்டியவன் கட்டாயம் விசயம் தெரிந்தவனாக இருப்பான் என்று நான் நம்பினேன். அவன் கொண்டுவந்து வைத்த பெட்டியில், அரைகுறை உடுப்போடு ஒரு பெண் வாளை ஓங்கிக்கொண்டு நின்றாள்.

அண்ணை பெட்டியை மெல்லக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, "சொல்லுங்கோ தம்பி, உதிலை என்ன விசேசம்?" என்றார்.

"முப்பத்திரண்டு எம்.பி. மெமரி, த்ரீ-டி, ஏ.ஜி.பி., அறுபத்துநாலு பிட். டீ.வி.யிலையும் போட்டுப் பாக்கலாம்."

"கல்வெட்டை என்னத்துக்கு டீ.வி.யிலை பாக்கிறது?"

இளைஞன் கழுத்துப்பட்டியைக் கொஞ்சம் தளர்த்தினான். "தனி விசிறியும் பூட்டியிருக்கு ஐயா" என்று தகட்டின் மேல் இருந்த குட்டி விசிறியைக் காட்டினான். அண்ணை அதைச் சுண்டுவிரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "கடையிலை எங்களுக்கே ஒழுங்கான விசிறி இல்லை" என்றார்.

இரண்டாவது கடை அரிசி அவிக்கும் குக்கர், இஸ்திரிப்பெட்டி, தையல் மெசின் எல்லாவற்றோடும் கொம்பியூட்டர்ச் சாமானும் விற்கும் கடை. முதலாளி பருத்தவர், எழும்பாமலே வியாபாரம் செய்பவர். அவருடைய பெட்டியில் பறவைநாகம் நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது. "இது நூற்றிருபத்தெட்டு பிட். அவன்ரை அறுபத்துநாலு. நீங்களே கணக்குப் பாருங்கோ" என்றார். அண்ணைக்கு அது பிடித்துக்கொண்டது. உடனே என்னை இழுத்துக்கொண்டு முதலாவது கடைக்குத் திரும்பினார்.

"தம்பி, அங்கை நூற்றிருபத்தெட்டாம். உங்களிட்டை ஏன் அறுபத்துநாலு?"

"அது வேறை நூற்றிருபத்தெட்டு ஐயா."

"நூற்றிருபத்தெட்டிலையும் வேறை வேறை இருக்கோ?"

இளைஞன் என்னைப் பார்த்தான். நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? மூன்று மாதக் கொம்பியூட்டர் வகுப்பில் எனக்கு ஒரு சான்றிதழ் தந்திருந்தார்கள். அது சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது, அதில் பிட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனாலும் தெரியாது என்று சொல்ல என் வாய் வளையாது. "உள்ளுக்கை ஓடுறது ஒண்டு, வெளியிலை ஓடுறது ஒண்டு அண்ணை" என்று அளந்துவிட்டேன். இளைஞன் நன்றியோடு தலையாட்டினான்.

இப்படி ஒரு கிழமை இரண்டு கடைக்கும் நடுவில் நடந்தோம். அண்ணை ஒரு கொப்பி வைத்து ஒவ்வொரு கடைக்காரர் சொன்னதையும் எழுதினார். ஒரு பெட்டியில் "முன்னையதைவிட மூன்று மடங்கு வேகம் வரை" என்றிருந்தது. அதை நான் வாசித்துக் காட்டியதும் பேனையை மூடிவிட்டார்.

"இந்த 'வரை' எண்டதை நம்பி நான் ஒருக்கா வயல் விதைச்சனான் தம்பி. விதைநெல்லுப் பையிலை போட்டிருந்தவங்கள், இவ்வளவு மூட்டை வரை காணலாம் எண்டு. கண்டது பதர்."

அந்தப் பெட்டிக்குக் கோடு போட்டு வெட்டியாயிற்று. நான் உள்ளுக்குள் கொதித்தேன். அதில்தான் கிரிக்கெட் நன்றாக ஓடும் என்று சிநேகிதன் சொல்லியிருந்தான். எனக்குக் கோபம் வந்தால் வேகமாக நடப்பேன். அன்று சைக்கிளைக் கடையில் மறந்துவிட்டு வந்து, பிறகு திரும்பிப் போய் எடுத்தேன்.

கடைசியில், எழுதியதை ஒழுங்காக அட்டவணை போட்டுத் தா என்று அண்ணை கேட்டார். எங்கள் கொம்பியூட்டரில் ஆயத்தமாகக் கிடந்த அட்டவணை ஒன்றே ஒன்றுதான்: கலியாணப் பொருத்தம் பார்க்கிற பத்திரம். இடப்பக்கம் பத்துப் பொருத்தத்தின் பெயர், அடுத்து ஆண், அடுத்து பெண், கடைசியில் உண்டு, மத்திமம், இல்லை. புதிதாகக் கோடு போடப் பஞ்சிப்பட்டு நான் அதையே எடுத்தேன். கடைக்கு ஒரு பத்திரமாக, பெண்ணின் இடத்தில் காட், ஆணின் இடத்தில் எங்கள் கொம்பியூட்டர். தினம், கணம், யோனி எல்லாவற்றையும் அழித்து மெமரி, நிறம், பிட் என்று போட்டேன். காட்டுக்குக் கடைக்காரர் சொன்ன புகழ் எல்லாம் கையில் இருந்தது. கொம்பியூட்டருக்கு? அதன் பெட்டியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அதனால் அந்த நிரல் முழுக்க "நன்று, நன்று" என்று அடித்துவிட்டேன்.

அக்கா பிரதியை எடுத்துப் பார்த்தார். "தம்பி, ஒன்பதாவது வரியிலை ரச்சுப் பொருத்தத்தை அழிக்க மறந்துபோனாய். உண்டு எண்டு வேறை போட்டிருக்கு."

"அது பரவாயில்லை."

"ரச்சு இல்லாட்டி புருசன் செத்துப்போவானாம். கொம்பியூட்டர் சாகாதெண்டு உறுதி தாறியோ?"

அண்ணை அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். கழுத்துப்பட்டிக் கடைப் பெண்ணுக்கு, அதாவது காட்டுக்கு, பத்தில் எட்டு உண்டு. பறவைநாகத்துக்கு ஆறு. "எட்டுப் பொருந்தினால் ஊரிலை கலியாணமே செய்துவைப்பினம்" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றே போய் வாளேந்திய பெண்ணை வாங்கிவந்தோம். பெட்டியைக் கடைக்குள் வைக்குமுன் அண்ணை அவள்மேல் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டினார். செத்தவர்களின் சொந்தக்காரர் வந்து போகிற இடம், கண்ணில் படக்கூடாது என்றார்.

நான் கொம்பியூட்டரின் பக்கத்துத் தகரத்தைக் கழற்றினேன். அண்ணை கற்பூரம் கொளுத்தினார். காட்டை எடுத்துப் பலகையில் செருகப் போனேன். செருகுவதற்கு இடம் இல்லை. அதாவது இடங்கள் இருந்தன, ஆனால் எல்லாம் வேறு நீளம், வேறு வெட்டு. ஏ.ஜி.பி. காட்டுக்கென்று ஒரு தனித் துவாரம் வேண்டுமாம். எங்கள் பலகையில் அது கிடையாது. திருப்பி வைத்துப் பார்த்தேன், கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். வியர்வை தகட்டின்மேல் விழுந்தது.

அக்காவுக்கு மலைநாட்டுக் கதை வந்துவிட்டது. "ஏன்டா, பத்துப் பொருத்தமும் பாத்தீங்களே, மாப்பிள வீட்டுல பொண்ணுக்கு நிக்க எடம் இருக்கான்னு ஒருத்தராவது பாத்தீங்களா?"

நான் தேநீர் குடிக்கப் போனேன்.

கழுத்துப்பட்டி இளைஞன் காட்டை மாற்றித் தர ஒப்புக்கொண்டான். ஆனால் எங்கள் பலகைக்குப் பொருந்தக்கூடியதாக அவனிடம் இருந்தது, கண்ணாடி அலுமாரியின் கடைசித் தட்டில் தூசி பிடித்துக் கிடந்த பழைய மொடல் ஒன்று. பெட்டியும் இல்லை, வாளும் இல்லை, விசிறியும் இல்லை. கொம்பியூட்டரையே கடைக்குத் தூக்கிப்போயிருந்தோம். அண்ணை வெளியே கடை முதலாளியான அவனுடைய தகப்பனோடு உத்தரவாதக் கடிதம் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது, இளைஞன் எங்கள் திரையில் எதையோ இரண்டு தரம் அழுத்தினான். பிறகு தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னான்.

"உங்கட பழசிலையே பதினாறு மில்லியன் நிறமும் கிடக்கு அண்ணா. செற்றிங்கை ஒருத்தரும் மாத்தேல்லை. காட் தேவையே இல்லை."

இப்போது என் காது சிவந்தது. வெளியே அண்ணையின் குரல் கேட்டது. சொல்லலாம், இன்னும் காலம் போகவில்லை. "அதை அவருக்குச் சொல்லவேண்டாம், காட்டைப் பூட்டும்" என்றேன்.

பூட்டினான். கடைக்குக் கொண்டுவந்தோம். அன்று மத்தியானம், அண்ணை சாப்பிடப் போன நேரத்தில், கிரிக்கெட் சி.டி.யைப் போட்டேன். திறந்தது. ஆனால் பந்து போடுபவன் ஓடிவந்து கையை விசுக்கினால், பந்து மட்டைக்கு வந்து சேருமுன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்கள் ஐஞ்சு நாள் மட்ச்சை ஐஞ்சு நாளும் ஆடுவாங்கள் போலை கிடக்கு" என்றார். அப்போதுதான் காட் வாங்கியது எதற்கு என்று அவருக்கு விளங்கியது. தன் கதிரைக்குத் திரும்பித் தமிழ் அடிக்கத் தொடங்கினார். மலைநாட்டுக் கதைகூட வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

திவசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அண்ணை மாட்டுத்தாள் உறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். முகம் கழுவி, திருநீறு பூசி, கழுவிய சேட் போட்டிருந்தார். நான் படத்தை ஸ்கான் பண்ணி மேல்வரிசையைப் பெருப்பித்தேன். முகம் வந்தது. இன்னும் பெருப்பித்தேன். முகம் கலங்கியது. இன்னும் பெருப்பித்தேன். பதினாறு மில்லியனில் ஏழெட்டு நிறச் சதுரங்கள், மண்ணிறமும் சாம்பலுமாக, அடுக்கிய செங்கல்போல் திரை முழுக்க நின்றன.

"எங்கை?" என்று கேட்டார் அண்ணை.

நான் கொஞ்சம் சின்னதாக்கினேன். முகம்போல ஏதோ தெரிந்தது. பெருப்பித்தால் சதுரம்.

"அண்ணை, படத்திலை இல்லாததைக் காட் கொண்டுவராது."

"நீதானே சொன்னனீ, எள்ளளவெண்டாலும் வருமெண்டு."

"சொன்னனான் அண்ணை. பிழை. எனக்குக் கிரிக்கெட் விளையாட வேணும்போலை இருந்தது. அதுக்காகத்தான் சொன்னனான்."

அவர் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கதிரையை இன்னும் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு, "கீறலாமோ?" என்று கேட்டார்.

கீறுவது என்றால், சதுரங்களின்மேல் கொம்பியூட்டர் எலியை வைத்து மூக்கையும் கண்ணையும் நாங்களே வரைவது. அக்கா எழும்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கோ அண்ணை, கொஞ்சம் கொஞ்சமாய்ப் பாப்பம்" என்றார். மூக்கு எப்படி, புருவம் சேர்ந்ததோ, தலை எந்தப் பக்கம் வகிடு என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். அண்ணை சொல்லச் சொல்ல நான் கீறினேன். வந்தது ஒரு தபால்காரரின் முகம். அழித்தோம். மறுபடி கீறினோம். "இது அவவின்ரை மூத்த மச்சாள்" என்றார் அண்ணை. அழித்தோம்.

"ஏதும் அடையாளம் இருந்ததோ அண்ணை? மச்சம், தழும்பு?" என்று அக்கா கேட்டார்.

"வாய்க்குக் கீழை, நாடியிலை ஒரு மச்சம்."

"எந்தப் பக்கம்?"

அண்ணை தன் நாடியின் இடப்பக்கத்தைத் தொட்டார். பிறகு கையை எடுத்து வலப்பக்கத்தைத் தொட்டார். எழும்பினார். தன் எதிரே யாரோ நிற்பதுபோல் வெறும் இடத்தைப் பார்த்தார். பிறகு அந்த இடத்துக்குப் போய், திரும்பி, தான் முன்பு நின்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, மறுபடி நாடியைத் தொட்டார். இரண்டு கடைக்காரரையும் ஒரு கிழமை கேள்வியால் குடைந்தெடுத்த மனுசன், நாடியை இடமும் வலமுமாகத் தொட்டுக்கொண்டு கடை நடுவில் நின்றார். எனக்கு எழும்பி ஓடவேண்டும்போல் இருந்தது.

அன்று பின்னேரம் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். அவரும் வவுனியாவில்தான் இருந்தார், குரல் உரத்தவர். வந்து கேள்வியைக் கேட்டுவிட்டு, "மச்சமோ? என்ரை அக்காவுக்கு மச்சமே இல்லையே அத்தான். அது அம்மாள் வருத்தம் வந்து கொப்புளம் போட்ட தழும்பு" என்றார். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தினவன் நானோ நீயோ என்று இவர் கேட்க, ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான் என்று அவர் சொல்ல, பாஸ் கடிதம் அடிக்க வந்த ஒரு மனுசி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று விலக்குப் பிடித்தார்.

அடுத்த நாள் காலை அண்ணை வந்ததும் சொன்னார்: "தம்பி, முழுப் படத்தையும் போடு."

"முழுப் படத்தையுமோ? இருபத்திரண்டு பேரையுமோ?"

"ஓம். அதிலை அவா அவாவாய் நிக்கிறா. கீறினால் வேறை ஆள் வருகுது. கீழை எழுதிவிடு, மேல்வரிசையில் இடமிருந்து மூன்றாவது எண்டு."

இப்படியொரு கல்வெட்டு அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. முன் அட்டையில் மாப்பிள்ளை, பொம்பிளை, பந்தியில் நன்றாய்ச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, மேலே "நினைவஞ்சலி" என்று கொட்டை எழுத்து. படத்தில் மனைவிக்குப் பக்கத்திலே, தோளோடு தோளாக நின்றவர் அந்த உரத்த குரல் தம்பிதான். அச்சுக்குப் போகுமுன் பிரதியைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் பாய்ந்து வந்தார்.

"அத்தான், நான் உயிரோடை இருக்கேக்கை என்னைக் கல்வெட்டிலை போடுறியளோ? சனம் துக்கம் விசாரிக்க என்ரை வீட்டை வரப்போகுது! வெட்டுங்கோ என்னை!"

"உன்னை வெட்டினால் அவவின்ரை தோளும் போகும்" என்றார் அண்ணை. "பேசாமல் நில்."

நின்றார். திவசம் முடிந்த பிறகு, அவர் பயந்தபடியே, தூரத்துச் சொந்தம் ஒன்று அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனதாம். கிரிக்கெட்டையும் நான் விட்டுவிடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். இரண்டு கிழமை சி.டி.யைத் தொடவில்லை, மூன்றாவது கிழமை மத்தியானங்களில் மறுபடி போட்டேன். அக்காவும் சிலவேளை துடுப்பாடினார்.

திவசம் அண்ணை வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது. வட்டக்கச்சிச் சனம், ஸ்கந்தபுரத்தில் பக்கத்துக் கொட்டிலில் இருந்து பிறகு வவுனியா வந்து சேர்ந்த சனம், எங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்று முற்றம் நிறைந்திருந்தது. பந்தி எழும்பிய பிறகு, புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு நான் அண்ணையின் பின்னால் போனேன். வாங்கியவர்கள் அட்டையைப் பார்த்துத் திகைத்தார்கள். "ஆர் அண்ணை இதிலை?" என்று மெதுவாகக் கேட்டார்கள். கீழே எழுதியிருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. அண்ணை ஒவ்வொருவருக்கும் தானே குனிந்து, மேல்வரிசையில் விரலை வைத்து, "இவாதான்" என்று காட்டினார். ஒருவருக்கும் விடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் காட்டினார்.

கட்டு முடியும்போது கடைசிப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒருநாள் முழுக்க அந்த முகத்தைச் சதுரம் சதுரமாகப் பார்த்தவன் நான். எங்கே நிற்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டும் காட்டுவேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து, எல்லாருக்கும் செய்ததுபோலவே, மேல்வரிசையில் விரலை வைத்தார்.

"இவாதான் தம்பி."

"ஓம் அண்ணை" என்றேன்.

வயல் செய்த கை. விரல்நுனி அந்த முகத்தைவிடப் பெரிது. வைத்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் விரலை எடுக்கும்வரைக்கும் நான் குனிந்தபடி நின்றேன். எடுத்த பிறகுதான் மேல்வரிசையில் மூன்றாவதாக நின்றவரைப் பார்க்க முடிந்தது.